சாமி கும்பிடாதவன சுவத்துல வச்சு பூசிருவாவளா? ஃபியூக் வெளி பத்தி கொஞ்சம் நீளமா

மருமவன் ஒருத்தன் காலேஜ் படிக்கான், பால்டர்ஸ் கேட் 3ங்கற கம்ப்யூட்டர் கேம ராத்திரி பகலா ஆடி முடிச்சிட்டு இப்போ பாளையங்கோட்டைல நாலு பயலுவள சேத்துக்கிட்டு டிஎன்டி (டன்ஜன்ஸ் & டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா மேசையச் சுத்தி உக்காந்து கதை சொல்லி ஆடுத ஆட்டம்) டேபிள் போடப் போறானாம். அவன் கேட்டது இதுதான்: "மாமா, இந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்துல செத்தவன் எங்க போவான்? சாமி கும்பிடாதவன ஒரு சுவத்துல வச்சு பூசிருவாவன்னு சொல்லுதாவளே, நெசமா? என் டேபிள்ல ஒருத்தனோட கேரக்டருக்கு சாமியே கெடையாது, அப்போ அவன் கதி என்ன? அந்த சாவுத் தெய்வம் கெலெம்வோர் நல்லவனா கெட்டவனா?"

நெசந்தாம்ல, சுவரு உண்டு (இப்போ உண்டா இல்லியாங்கறத கடைசில சொல்லுதேன், அதுல ஒரு கூத்து இருக்கு). ஆனா எல்லாரும் சுவத்த மட்டும் பாத்து அரண்டுட்டு அதுக்கு முன்னாடி கெடக்க அவ்வளவு பெரிய வெளிய விட்டுருதானுவ, நல்ல கதையெல்லாம் அங்கதான் கெடக்கு. பழைய கேம் ஒண்ணோட ஸ்பாய்லரும் பால்டர்ஸ் கேட் 3 ஸ்பாய்லரும் கீழ வரும், வேண்டாம்னா இங்கயே நிறுத்திக்கோ.

மொதல்ல எடம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கது எட் கிரீன்வுட் சின்னப் பையனா இருந்தப்பவே எழுத ஆரம்பிச்ச உலகம், டிஎன்டிக்குன்னு பெட்டி செட்டா வந்தது 1987ல. அதுல ஃபேரூன் கண்டத்துல ஒருத்தன் செத்தா ஆவி நேரா சொர்க்கத்துக்கோ நரகத்துக்கோ போவாது, ஃபியூக் வெளின்னு ஒரு எடத்துல போயி நிக்கும். சாம்பக் கலர்ல தட்டையா கெடக்க வெட்டவெளி, மலை கெடையாது மரம் கெடையாது, பாக்கதுக்கு ஒண்ணுமே கெடையாது. யாரும் அடிக்க மாட்டான், கொதிக்க எண்ணெயில தூக்கிப் போட மாட்டான், சும்மா நிக்கணும் அவ்வளவுதான். நம்ம புது பஸ்ஸ்டாண்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுருப்பல்லா, ஒவ்வொரு கண்டக்டரும் நாரோயில் நாரோயில்னும் தென்காசி தென்காசின்னும் கத்திக்கிட்டே வருவான், அவனவன் ஊருப் பேரு காதுல விழுந்ததும் பைய தூக்கிட்டு ஓடுவான், அப்பிடித்தான் அங்கயும். ஒவ்வொரு சாமியும் ஆளனுப்பும், அந்த ஆளு வந்து கூப்புட்டதும் பக்தன் கெளம்பி அந்த சாமியோட ஊருக்குப் போயிருவான். குள்ளன் மொராடின்ட்ட போவான், விடியக்காலத் தெய்வம் லதாண்டர கும்பிட்டவன் லதாண்டர்ட்ட போவான். எல்லா பஸ்ஸும் போன பொறவும் பெஞ்சுலயே உக்காந்துருக்கவன் இருக்கான் பாரு, அவனப் பத்திதான் நீ கேக்க.

அவங்கிட்ட மொதல்ல வாரது நீதிபதி இல்ல, டெவில்தான், இதக் கவனிச்சுக்கோ. நரகத்து டெவில்களுக்கும் கெலெம்வோருக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு, அதுவொ வெளிக்குள்ள வந்து ஆவிவொகிட்ட பேரம் பேசலாம். பலவந்தம் கூடாது, அதுவா சம்மதிக்கணும். "ஒனக்கு எந்த சாமியும் வரப்போவதில்ல, அது ஒனக்கே தெரியும், அங்க போயி நின்னா என்ன தீர்ப்பு வரும்னும் தெரியும், எங்கூட வந்தா அடிமட்டத்துல லெமூரா ஆரம்பிச்சாலும் பின்னால மேல வரலாம்"னு சொல்லும். லெமூர்னா கையி காலு ஒழுங்கா உருவாவாத சதப்பிண்டம், அதான் நரகத்துல ஆகக் கடைசி. இதுல என்ன வேடிக்கைன்னா அந்த டெவில் சொல்லுததுல பொய்யே இருக்காது, பயத்துல நிக்கவனுக்கு உண்மையச் சொன்னாலே போதும், கையெழுத்து விழுந்துரும். டீமன்னு வேற ஒரு பேய்க் கூட்டம் உண்டு, அதுவொளுக்கு இந்தப் பேச்செல்லாம் கெடையாது, திடீர்னு வாசலத் தொறந்துட்டு வந்து அள்ளிட்டுப் போயிருவானுவ, பட்டப்பகல் கொள்ளை.

இதுக்கெல்லாம் நடுவுல தீர்ப்பு நகரம்னு ஒரு ஊரு, அதுக்குள்ள படிகக் கோபுரத்துல கெலெம்வோர் உக்காந்திருக்காரு. வெளில மிஞ்சுதவுகள ரெண்டா பிரிச்சிருவாவ. ஒரு கூட்டம் பொய்யனுவ, ஒரு சாமிய கும்பிடுதேன்னு சொல்லிட்டு அந்த சாமிக்கே துரோகம் பண்ணினவன். அவனுக்கு செஞ்சதுக்குத் தக்கன தண்டனை, அந்த ஊருலயே இருந்து காலந்தள்ளணும், கொஞ்சம் லேசாவும் இருக்கும் ரொம்ப கொடூரமாவும் இருக்கும். இன்னொரு கூட்டம் எந்த சாமியையும் ஏத்துக்காதவன். அந்த ஊரச் சுத்தி நிக்க மதில்ல அவனத்தான் கல்லுக்குப் பதிலா வச்சிருப்பாவ. பச்சையா ஒரு பாசி எல்லாரையும் பிடிச்சு ஒட்டி வச்சிருக்கும், அந்தப் பாசி கொஞ்சங் கொஞ்சமா அவன தின்னுரும், தான் யாருங்கற நெனப்பே கரைஞ்சு போயி கடைசில ஒண்ணும் மிஞ்சாது. நல்லவனா கெட்டவனாங்கற கேள்வியே அங்க வராது. ஊருக்கு கெணறு வெட்டிக் குடுத்தவனா இருந்தாலும் சாமி இல்லன்னா சுவருதான்.

இப்போ நீ "இது அநியாயம்லா"ன்னு கேப்ப. அநியாயந்தான். ஆனா யாரு கட்டுனது, ஏன் இன்னும் இடிக்கலங்கறதுதான் விசயமே. அதுக்கு சாவுத் தெய்வ நாக்காலியில யாரு யாரு உக்காந்தாவன்னு தெரியணும்.

ஆதியில ஜெர்கல்னு ஒருத்தர்ட்ட எல்லாம் இருந்துச்சு, சாவு, கொலை, கொடுங்கோல் மூணும். யுகம் யுகமா பாத்து அலுத்துப் போச்சு. பேன், பாஹ்ல், மிர்குல்னு மூணு மனுசப் பயலுவ அவரக் கொன்னு எடத்தப் பிடிக்கணும்னு கெளம்பி வந்தா, கெழவரு எந்திரிச்சு "நாக்காலிய எடுத்துக்கிடுங்க, எனக்கு வேண்டாம்"னுட்டாரு. உடனே மூணு பேருக்கும் பங்குச் சண்டை. ஜெர்கலே நடுவரா நின்னு அவுனுவள மண்டையோட்ட உருட்டி பந்தயம் விடச் சொன்னாரு, அதுல தீராததுனால எலும்புத் தாயத்த உருட்டச் சொன்னாரு. பேன் ஜெயிச்சு கொடுங்கோல எடுத்தான். மிர்குல் செத்தவுகள எடுத்தான், "நீ யார ஆண்டாலும் கடைசில எங்கிட்டதான வரணும்"னு ஒரு கணக்கு. பாஹ்ல் கொலைய எடுத்தான், அவனுக்கு வேற கணக்கு, அவன் கொன்னா பேனுக்கு குடிமக்கள் கொறையும், கொல்லலன்னா மிர்குலுக்கு வரத்து நின்னுரும். ஜெர்கல் என்ன பண்ணினாருன்னா பொறுப்பெல்லாம் விட்டுட்டு யாரு செத்தா எப்போ செத்தான்னு ஏட்டுல எழுதுத கணக்குப்பிள்ளையா இருந்துக்கிட்டாரு. ஒங்க கேம்ல முகாம்ல நின்னுக்கிட்டு 200 தங்கக் காசு வாங்கிட்டு செத்தவன எழுப்பி விடுதாம்லா விதர்ஸ்னு ஒரு எலும்புக் கெழவன், அவருதான் இவரு. கிரெடிட்ஸ் முடிஞ்ச பொறவு சுவத்துல இருக்க மூணு பேரு படத்தப் பாத்து ஏசுவாரே, அது பழைய பாக்கி.

சுவத்தக் கட்டுனது மிர்குல். பயங்காட்டத்தான் கட்டுனான், அவன் சோலியே அதுதான். பின்னால அந்த உலகத்து டேல் ஆண்டுக் கணக்குல 1358ல பேனும் மிர்குலும் விதிப் பலகையத் திருடப்போயி, எல்லா தெய்வத்துக்கும் மேல இருக்க ஏயோ கோவப்பட்டு சாமிகள பூராத்தையும் பூமிக்குத் தள்ளிட்டாரு. அந்த சனியங்காலம் முடிஞ்சதும் புதுசா ஒரு சட்டம் போட்டாரு, இனிமே சாமிக்கு எவ்வளவு பக்தன் எவ்வளவு பக்தியோ அவ்வளவுதான் பலம்னு. இந்த எடத்துல நிதானமா யோசிச்சுப் பாரு. கும்பிடுதவன் இல்லன்னா சாமியே மெலிஞ்சு போவும்னு ஆனபொறவு, கும்பிடாதவனுக்கு ஒரு தண்டனை இருக்கது எல்லா சாமிக்கும் லாபம், நல்ல சாமி உட்பட. கெட்டவன் கட்டுன சுவத்த நல்லவனுவளும் சேந்து காவல் காக்கானுவன்னா காரணம் இதுதான், என் கருத்து இது. நாத்திகம் தப்பு ரைட்டுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வரும்படி பிரச்சினை.

அந்தக் கலவரத்துல மிட்நைட்டுங்கற மந்திரக்காரி மிர்குல முடிச்சுட்டா. அவகூட வந்தவனுவள்ல ஒருத்தன் சிரிக், இன்னொருத்தன் கெலெம்வோர். சிரிக் கெலெம்வோரக் குத்திக் கொன்னுட்டு அந்த மூணு பேரு பதவியையும் அவனே அள்ளிக்கிட்டான். பைத்தியக்காரன் ஆட்சி எப்பிடி இருக்கும், செத்தவுக ஊருக்கே கலக நகரம்னு பேரு வந்துச்சு. பத்து வருசம் கழிச்சு 1368ல செத்தவுகளே கெளம்பி கலகம் பண்ணி அவனத் தொரத்திட்டு, அதுவர ஒரு வாளுக்குள்ள அடைஞ்சு கெடந்த கெலெம்வோர் ஆவிய ராசாவாக்குனாவ. செத்தவுகளே ஆளப் பாத்து உக்கார வச்ச ஒரே ஆளு அவருதான்.

கெலெம்வோர் நல்லவனா கெட்டவனான்னு கேட்டல்லா, அதுக்கு அவரு உயிரோட இருந்தப்போ என்னவா இருந்தாருன்னு தெரியணும். கூலிக்குச் சண்டை போடுதவன். அவன் குடும்பத்துக்கு ஒரு சாபம் உண்டு, கூலி வாங்காம யாருக்காவது நல்லது செஞ்சா சிறுத்தையா மாறிருவான். வெளையாட்டில்ல, ஒடம்பக் கிழிச்சுக்கிட்டு மிருகம் வெளிய வரும். அதனால எவன் உதவின்னு கேட்டாலும் "என்ன தருவ"ன்னு கேக்க வேண்டிய நெலைமை, ஊரே அவன காசுப்பேயின்னு நெனைக்கும். அப்பிடிப்பட்ட ஒருத்தன் சாவுத் தெய்வமானா மொதல்ல என்ன செய்வான்? ஓசியில நல்லது செய்வான்! அதத்தான் செஞ்சாரு. செத்தவன் எந்த சாமியக் கும்பிட்டாங்கறத விட்டுட்டு எப்பிடி வாழ்ந்தாங்கறத வச்சு தீர்ப்பு சொன்னாரு, சுவத்த எடுத்தாரு, நல்லவனுக்கு நல்ல எடம் குடுத்தாரு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன ஆச்சு தெரியுமா, பூமில இருக்க நல்லவனுக்கு சாவு பயம் விட்டுப் போச்சு, செத்தா அந்தப் பக்கம் கெலெம்வோர் பாத்துக்கிடுவாருன்னு வீரனெல்லாம் தேவையில்லாம போயி விழுந்து செத்தான். கெட்டவன் இங்க நமக்கு கதியில்லன்னு கெட்ட சாமிகள்ட்ட இன்னும் இறுக்கமா ஒட்டிக்கிட்டான். மத்த சாமிக கோயில்ல கூட்டம் கொறைஞ்சுச்சு. எல்லா தெய்வமும் சேந்து இவரு தன் மனுசப் புத்திய விடல, பொறுப்புக்கு லாயக்கில்லன்னு குத்தம் சாட்டுனாவ. கடைசில இவரே தன்ன மாத்திக்கிட்டாரு, ஊரு பூரா சாம்பக் கலராச்சு, முகத்துக்கு வெள்ளி முகமூடி வந்துச்சு, பழைய தீர்ப்ப எல்லாம் திரும்ப எடுத்து பாத்தாரு, பின்னால வந்த நூல்கள்ல சுவரும் பழையபடி நிக்கு.

அதனால கெட்டவன்னு சொல்ல எனக்கு மனசு வரல, கோழைன்னு வேணும்னா சொல்லலாம். சில பேரு அவரு செஞ்சது முதிர்ச்சின்னு சொல்லுதாவ, நீதிபதிக்கு எரக்கம் கூடாதுன்னு. எனக்கு அதுல ஒப்புதல் கெடையாது. எரக்கத்துனால வெளைஞ்ச பிரச்சினைய சரி பண்ண வேற வழி தேடிருக்கலாம், சுவத்துல ஆள வச்சு பூசுதது மட்டுந்தான் வழின்னு எவன் சொன்னான். இத்தனைக்கும் பூமில இருக்க அவரு பூசாரிமாரு ரொம்ப நல்ல ஆளுவ, சாவக் கெடக்கவன் பக்கத்துல உக்காந்து பயத்தத் தெளியவச்சு, செத்தபொறவு மொறையா அடக்கம் பண்ணி, பேய் பிசாசா எந்திரிச்சு வாரத அழிக்கதுதான் அவுகளுக்கு வேல.

நம்ம ஊருக்காரனுக்கு இந்தக் கதையில ஒரு பாதி சட்டுனு புரிஞ்சிரும், இன்னொரு பாதி புரியவே புரியாது. மனுசன் செத்து தெய்வமாறது புரியும். சொரிமுத்தய்யனார் கோயில்ல பட்டவராயன் யாரு? முத்துப்பட்டன், பிராமணப் பெறப்பு, பொம்மக்கா திம்மக்கான்னு ரெண்டு பொண்ணுவள கெட்டணும்னு பூணூல அறுத்துப் போட்டுட்டு மாமனாரோட சேந்து செருப்பு தச்சு மாடு மேய்ச்சவன், மாட்டத் திருட வந்தவனுவகிட்ட சண்டை போட்டு செத்தான். வில்லுப்பாட்டுல விடிய விடியப் பாடுவாவ. இன்னிக்கும் ஆடி அமாவாசைக்கு காரையாறுக்குப் போனா அவரு சன்னதில நேர்ச்சைக்கு செருப்பு கொண்டு போடுவாவ, அளவு பெருசா, தோல்ல தச்சது, அடுத்த வருசம் பாத்தா போட்டு நடந்தாப்புல தேஞ்சிருக்கும்னு சொல்லுவாவ. ஆக கூலிப்படைக்காரன் சாவுத் தெய்வமானான்னா நமக்கு அதுல அதிசயம் ஒண்ணுமில்ல.

புரியாதது சுவரு. சுடலைமாடன எடுத்துக்கோ, சுடுகாட்டுக்கே காவல், கொடைக்கு சாமியாடி நடுராத்திரி வேட்டைக்குப் போவாரு. அவரு என்னைக்காவது எரியுத பொணத்தப் பாத்து "நீ எந்த சாமி கும்பிட்ட"ன்னு கேட்டதா எந்த வில்லுப்பாட்டுலயாவது வருதா? நான் கேட்டவரைக்கும் கெடையாது. குலதெய்வமே தெரியாதவன் இருப்பான், அவனுக்கும் சொரிமுத்தய்யனாரக் கும்பிட்டுக்கோன்னு ஒரு வழி சொல்லி வச்சிருக்காவ. நம்ம கதைகள்ல செத்தவன் வரிசையில நிக்கதில்ல, அநியாயமா செத்தவனாயிருந்தா அவனே திரும்ப வந்து பீடம் கேப்பான் படைப்பு கேப்பான், ஊருதான் பயந்து போட்டுக் குடுக்கும். தீர்ப்பு சொல்லுதது உயிரோட இருக்கவன் மேலதான். ஃபேரூன்ல அது தலகீழா இருக்கு, செத்தவனுக்கு எந்த அதிகாரமும் கெடையாது. ஒன் டேபிள்ல இதப் பயன்படுத்திப் பாரு, அநியாயமா செத்த ஒருத்தன் வெளியில நின்னுக்கிட்டு "எனக்குப் பீடம் போடு, நானே சாமியாயிக்கிடுதேன்"னு கெலெம்வோர்ட்ட வம்பு பண்ணுதான்னு வையி, ரூல் புக்குல அதுக்கு பதிலே இருக்காது.

சுவத்த எதுத்து நின்ன கதைன்னா 2007ல வந்த மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர், நெவர்விண்டர் நைட்ஸ் 2ங்கற கம்ப்யூட்டர் கேமுக்கு வந்த எக்ஸ்பான்ஷன். ஆகாச்சின்னு மிர்குலோட பூசாரி, தன் காதலி சுவத்துல மாட்டிக்கிட்டான்னு தன் சாமிக்கு எதுராவே படை தெரட்டிட்டுப் போனான். தோத்தான். மிர்குல் அவன சும்மா கொல்லாம ஆவி தின்னுத பசியா மாத்தி விட்டுட்டான், அந்தப் பசிதான் கேம்ல ஒன் தலையில வந்து விடியும். கூடவே கெய்லின்னு ஒருத்தி வருவா, பாதி தேவதை, கெலெம்வோர் கோயில்லயே பூசாரியா இருந்தவ, ஒரு நா சுவத்தப் பாத்துட்டு இத இடிக்காம விடமாட்டேன்னு வெளிய வந்துட்டா. நீ என்ன முட்டி மோதுனாலும் சுவத்த இடிக்க முடியாது, கேம் விடாது. ரொம்ப பேரு அதுக்கு டெவலப்பர ஏசுனாவ. எனக்கு அதுதான் சரியா படுது, இடிச்சுட்டா அது வெறும் ஹீரோ கதை.

இப்போ மொதல்ல சொன்ன கூத்து. 2015ல வந்த ஸ்வோர்டு கோஸ்ட் கையேடுங்கற டிஎன்டி புத்தகத்துல சாமி இல்லாதவன் சுவத்துக்குப் போவான்னு ஒரு வரி இருந்துச்சு. 2020ல திருத்தம் போட்டப்போ அந்த வரிய அப்பிடியே எடுத்துட்டாவ. இடிச்சதா கதை எழுதல, யாரும் படையெடுக்கல, வரிய அழிச்சாச்சு அவ்வளவுதான். ஆகாச்சியும் கெய்லினும் முட்டி மோதி முடியாதத ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தன் பேக்ஸ்பேஸ்ல முடிச்சுட்டான். அதனால ஒன் டேபிள்ல சுவரு இருக்கா இல்லியாங்கது டிஎம் (ஆட்டத்த நடத்துதவன், அதாவது நீ) முடிவு, ஆட்டம் ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே நாலு பேருட்டயும் சொல்லிரு, நடுவுல சொன்னா சண்டை வரும்.

அந்தக் கேரக்டர் விசயத்துக்கு வாரேன். சாமி கெடையாதுங்கற, ஆனா கஷ்டத்துல வாயத் தொறந்து எந்த சாமியையாவது கூப்புடுவானா? ஃபேரூன்ல சாதாரண சனம் ஒரே சாமியப் பிடிச்சுத் தொங்குதது கம்மி, கடல்ல போறப்ப கடல்சாமிக்கு காசு போடுவான், வெதைக்கப்போ வெள்ளாமைச் சாமிக்கு. அந்த அளவுக்கு இருந்தாலே யாராவது ஒரு சாமி ஆளனுப்புறதா நீ வச்சுக்கலாம். இல்ல, அவன் உறுதியா மறுக்கவன்னா அத அப்பிடியே வச்சுக்கோ, மழுப்பாத. சாமி உண்டுன்னு கண்ணால பாக்க முடியுத உலகத்துல "நீ இருக்க, ஆனா ஒனக்கு நான் கும்பிடு போட மாட்டேன்"னு சொல்லுதவன் நல்ல கேரக்டர்.

அவன் செத்தான்னா நேரா சுவத்துக்கிட்ட கொண்டு போவாத. வெளியில நிக்க வையி. அஞ்சாம் எடிஷன் ரூல்ல செத்தவன எழுப்ப மந்திரம் உண்டு: செத்த ஒரு நிமிசத்துக்குள்ளன்னா ரிவிவிஃபை, 300 தங்கத்துக்கு வைரம் வேணும். பத்து நாளுக்குள்ளன்னா ரெய்ஸ் டெட், 500 தங்கத்து வைரம். நூறு வருசம் வர ரெசரெக்‌ஷன், அதுக்கு 1000. ஆக கீழ அவன் கூட்டாளிவொ வைரத்துக்கு காசு தேடி அலையுத நேரம் பூரா இவன் அங்க நிக்கான், பக்கத்துல டெவில் பேப்பர நீட்டிக்கிட்டு நிக்கி. இன்னொரு ரூலையும் நெறைய பேரு கவனிக்கதில்ல, எழுப்பப் பாக்கவன் பேரு என்ன, குணம் என்ன, எந்த சாமிய கும்பிடுதவன்னு செத்தவனுக்குத் தெரிஞ்சிரும், புடிக்கலன்னா வரமாட்டேன்னு சொல்லலாம். சாமியே வேண்டாம்னு வாழ்ந்தவன ஒரு பூசாரி அவன் சாமி பேரச் சொல்லி கூப்புடுதான், இவன் போவானா மாட்டானா? இந்தக் கேள்விய பிளேயர்ட்ட கேட்டுட்டு நீ வாய மூடிக்கோ. பதில் சொல்ல அவன் ஒரு செஷன் எடுத்தாலும் எடுக்கட்டும், ஆனா டெவில் கணக்குல ஒரு கெடு வச்சிரு, இல்லன்னா ஒங்க கூட்டத்துல மூணு மாசம் இதையே பேசிக்கிட்டு இருப்பானுவ.